சின்ன லீவர்

இந்திரகுமார் குந்தியிருந்து ஜீப்பின் டயரில் காற்றைத் திறந்துவிட்டபோது, ஸெய்னுலாப்தீன் ஹாஜியாருக்குத் தன் வயிற்றிலிருந்தே காற்று இறங்குவதுபோல் இருந்தது.

நாலு டயரிலும் பாதிக் காற்றை இறக்கினான். மணலில் ஓட்டுவதென்றால் டயர் தட்டையாகப் படுக்க வேண்டுமாம். துபாயில் வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு பாலைவன மேடுகளில் ஏறி இறங்கிய டிரைவர். இப்போது சொந்த ஊரான ரத்தோட்டைக்கே திரும்பிவிட்டான்; மலை பார்க்க வருகிறவர்களை ஏற்ற ஒரு ஜீப் வேண்டும்.

ஜீப் வாங்க வருகிறவர்களை, பழைய வண்டி விற்கும் ஹாஜியாருக்கு நன்றாகத் தெரியும். டயரை உதைப்பார்கள். ஏசிக்கு முன்னால் கையை நீட்டுவார்கள். கதவை இரண்டு தரம் அடித்துச் சாத்திவிட்டு, எஞ்சினே பேசியதுபோல் தலையாட்டுவார்கள்.

கியருக்குப் பக்கத்தில் நிற்கும் சின்ன லீவரை ஒருவரும் தொட்டதில்லை. ஃபோர் வீல்தானே என்று கேட்பார்கள். ஆமாம் என்றால் போதும்.

இவனுக்கு ஆமாம் போதவில்லை. மணலில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்றான். மாத்தளையில் ஏது தம்பி பாலைவனம் என்று ஹாஜியார் சிரித்துப் பார்த்தார். வில்கமுவையில் இருக்கிறது என்று சொல்லி, அவரையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான்.

இருந்தது. ஆற்றிலிருந்து அள்ளிய மணல், லொறிகளுக்காக, மாடிவீட்டு உயரத்துக்கு மேடு மேடாகக் கிடந்தது.

ஜீப்பின் நோய் ஹாஜியாருக்கும், அதைக் கழற்றிப் பார்த்த அலுவிகாரை கராஜ் மெக்கானிக் பாஸுக்கும் மட்டும்தான் தெரியும். சின்ன லீவரை இழுத்தால் கியர் விழும். சமதரையில் நல்ல பிள்ளையாக நிற்கும். ஏற்றத்திலோ இறக்கத்திலோ பாரம் வந்தால், தானே நழுவி நடுவுக்கு வந்துவிடும். வந்தால், எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள உறவு அறுந்தது. பிறகு அது ஜீப் இல்லை. சரிவில் உருட்டிவிட்ட பீப்பாய்.

திருத்துவதென்றால் வண்டி விலையில் பாதி போகும் என்றார் பாஸ். ஹாஜியார் பெயின்ட் மட்டும் அடித்தார்.

லீவர் நழுவினால் சொல்ல, வழியிலேயே பதிலும் தயாராகிவிட்டது. துபாய் மணல் காய்ந்த மணல், இது ஆற்று மணல், ஈரம். மணலின் குற்றத்தை வண்டியின் தலையில் போடக்கூடாது. அதற்கும் அடங்காவிட்டால், ஜீப் வாங்க வந்தீங்களா, ஒட்டகம் வாங்க வந்தீங்களா என்று கேட்பதாக உத்தேசம்.

"நல்லா பிடிச்சுக்குங்க ஹாஜியார். இந்தச் சவாரிக்குத் துபாயில டிக்கெட்."

சின்ன லீவரை இழுத்தான்.

ஹாஜியார் மனதுக்குள் துஆ கேட்டார். ஒரு தரம். இந்த ஒரே ஒரு தரம் லீவர் நிற்கட்டும்.

ஜீப்பின் மூக்கு வானத்தைப் பார்த்தது. கண்ணாடியில் மணல் சாரலாக அடித்தது. ஹாஜியாரின் கண் வெளியே இல்லை. லீவரின் கறுத்த தலையிலேயே இருந்தது. இப்போது நழுவும். இதோ, இப்போது.

நழுவவில்லை.

உச்சியில் ஒரு கணம் ஆடி நின்றது. பிறகு மறுபக்கம் தலைகுத்தி இறங்கத் தொடங்கியது. இந்திரகுமார் பிரேக்கிலிருந்து காலைத் தூக்கிக் காட்டினான். லீவர் பிடித்த பிடியில், பந்தலுக்குள் நுழையும் மாப்பிள்ளைபோல் வண்டி மெல்ல மெல்ல இறங்கி, அடியில் நின்றது.

இன்னொரு மேட்டில் ஏற்றினான். அது இன்னும் செங்குத்து. அங்கும் லீவர் அசையவில்லை.

ஹாஜியாருக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அது ஒரு மூச்சுக்கு மேல் நிற்கவில்லை.

துஆவுக்கு மனிதன் சுகப்படலாம். தேய்ந்த பல்சக்கரம் சுகப்படாது.

ஏலத்தில் அவர் எடுத்தது ஒரு ஜீப் இல்லை, இரண்டு. அதே வருஷம், அதே வெள்ளை, ஒரு தாய் பெற்ற இரட்டையர். ஒன்று சுகம், ஒன்று நோய். நோய் விற்பதற்கு, சுகம் வீட்டுக்கு. எது எது என்று அவர் அறிந்தது நம்பரை வைத்துத்தான். பெயின்ட் அடிக்க இரண்டின் நம்பர் பிளேட்டையும் ஒன்றாகக் கழற்றியவன், மாற்றிப் பூட்டியிருக்கிறான்.

பக்கத்தில் இந்திரகுமார், ஹார்ன் சத்தம் போதாது, பின் கண்ணாடி மங்கல் என்று ஒவ்வொரு குறையாக எடுத்து வைத்து விலையை இறக்கத் தொடங்கியிருந்தான். மிக அழகாக இறக்கினான். வேறு நாளாக இருந்தால் ஹாஜியார் ரசித்திருப்பார்.

அவர் காதில் போன் இருந்தது. மகள் பர்ஸானாவின் நம்பர். தொடர்பு இல்லை என்று மூன்று மொழியிலும் மரியாதையாகச் சொன்னார்கள். மறுபடி அழுத்தினார். மறுபடியும் சொன்னார்கள்.

"நீங்க சொல்ற விலைக்கே எடுங்க தம்பி. இப்பவே ரிவர்ஸ்டன் மலைக்கு விடுங்க."

இந்திரகுமார் பேச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தான். ஒரு சொல்கூட எதிர்த்துப் பேசாமல் விலையை விட்டுக்கொடுக்கும் வியாபாரியை அவன் துபாயிலும் கண்டதில்லை.

"இந்த வண்டியில என்ன கோளாறு ஹாஜியார்?"

"இதுல ஒண்ணும் இல்ல."

சொல்லிக்கொண்டே போனை மறுபடி அழுத்தினார்.

மற்ற ஜீப்பில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, ரிவர்ஸ்டன் பனிமூட்டம் பார்க்கக் காலையில் புறப்பட்ட பர்ஸானாவுக்கு, ஜன்னலோரம் குனிந்து அவர்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்.

"இறக்கத்துல பிரேக்க நம்பாதீங்க மகள். சின்ன லீவர இழுங்க. மத்தத வண்டி பாத்துக்கும்."