நூற்றுக்கு இருநூறு

குணேஸ்வரி புருசன் ஞானசேகரத்தின் கடைவாசலைக் கடந்து, தெருவையும் கடந்து, எதிரே இருந்த லாபிரின் கடைக்குள் போனாள்.

இரண்டுமே நெற்கோல் கடைகள். வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரரோடு இன்ரநெற் வழியாகக் கணினியில் கதைத்துவிட்டுப் போகிற இடம்.

சாப்பாட்டுக் கடைக்காரனின் பெண்சாதி பக்கத்துக் கடையில் பார்சல் கட்டினால் எப்படி இருக்கும்? திருகோணமலைச் சந்தை முழுக்கத் தன்னைப் பார்த்துச் சிரிப்பதாக ஞானசேகரத்துக்குப் பட்டது.

அவள் கதைக்கப் போனது தம்பி இராசதுரையோடு. சண்டை திரும்பத் தொடங்கியதும் அவன் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டான் என்பது ஊருக்குச் சொன்ன கதை. மன்னாரில் இந்தியாவுக்கு வள்ளம் ஏறினான் என்பது வீட்டுக்குள் மட்டும் இருந்த கதை. அது சந்தியில் காவலுக்கு நின்ற நேவிச் சென்றிக்கு எட்டினால், முதலில் தட்டப்படப்போவது குணேஸ்வரியின் கதவு. சென்றியில் தமிழ் நன்றாக விளங்குகிற ஒருவனும் நின்றான்.

"அங்கதான் கதைக்க வசதி" என்று மட்டும் சொன்னாள்.

என்ன வசதி? ஞானசேகரத்துக்குத் தெரிந்து ஒன்றுதான். சத்தம்.

லாபிர் வாசல் மேசையில் ஒரு லப்டொப் வைத்திருந்தான். கடை திறந்தால் பாட்டு, பூட்டும்வரை பாட்டு. ஸ்பீக்கர் பெட்டி ஒன்றும் கிடையாது. வெறும் லப்டொப்தான், ஆனால் அதன் பாட்டு மீன் சந்தை வரை போகும்.

ஞானசேகரத்தின் லப்டொப்பும் அதே சாதி, அதே நிறம். கடைசிவரை கூட்டினாலும் நுளம்பு பாடினமாதிரித்தான். குடும்பமாக வந்தவர்கள் தலையோடு தலை முட்டிக்கொண்டு குனிந்து கேட்டார்கள். வாசலிலேயே இவ்வளவு என்றால் லாபிரின் கடைக்குள் கோல் எப்படிக் கேட்கும் என்று நினைக்க நினைக்க வயிறு எரிந்தது.

குசினியிலிருந்து அலுமினியச் சட்டியைத் தூக்கி வந்து லப்டொப்புக்குப் பின்னால் வைத்துப் பார்த்தான். கனடாவில் இருந்தவர்கள் எல்லாம் கிணற்றுக்குள் விழுந்து கதைத்தார்கள். சட்டியைத் தேடி வந்த குணேஸ்வரி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சட்டியை எடுத்துக்கொண்டு போனாள். அந்தப் பார்வை சட்டியை விடச் சுட்டது.

கடைசியில் லாபிரிடமே போனான். சரக்கு வேண்டுமென்றால் முதலில் சரக்கைப் பழிக்க வேண்டும். அந்த முறையிலேயே தொடங்கினான்.

"என்ன லாபிர், உன்ர மெசின் இரையிற இரைச்சலில நாய்கூட இந்தப் பக்கம் வருகுதில்லை."

லாபிர் சிரித்தான். கேட்காமலே காட்டியும் கொடுத்தான். ஒரு சின்னப் புரோகிராம். நூறோடு நிற்க வேண்டிய சத்தக்கோடு நூறைத் தாண்டி இருநூறு வரை ஓடியது. பென்றைவில் ஏற்றியும் தந்தான்.

"பாட்டுக்கு மட்டும் போடுங்க அண்ணன். கோலுக்கு வேணாம்."

கடைத்தெருவில் வளர்ந்தவனுக்கு இந்தப் பேச்சு விளங்காதா? நல்ல சரக்கை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு, அது உங்களுக்குச் சரிவராது என்று சொல்லுவதில்தான் யாவாரமே தொடங்குகிறது.

அடுத்தநாள் பின்னேரம், தெருவில் இறங்கப்போன குணேஸ்வரியை மறித்தான்.

"இண்டைக்கு இஞ்ச இருந்து கதை. உன்ர தம்பி பக்கத்தில வந்து நிண்டமாதிரி இருக்கும்."

"இஞ்சேருங்கோ, விளையாடாதேங்கோ. இஞ்ச ஏலாது."

அதற்குள் அவன் திரையில் இராசதுரையின் பெயரை அமத்திக் கோல் எடுத்துவிட்டான். கோடு இருநூறில் நின்றது.

"அக்கா!" மேசை அதிர்ந்தது. "மண்டபம் முகாமில பதிஞ்சாச்சு! வள்ளத்தில வந்த..."

சென்றியில் ஒரு தொப்பி திரும்பியது.

லப்டொப்பின் வாயைப் பொத்த வழி தெரியாமல் குணேஸ்வரி தன்னுடைய வாயைப் பொத்திக்கொண்டாள். ஞானசேகரம் கோட்டைக் குறைக்கப் பார்த்தான். அவசரத்தில் மவுஸ் அம்பு திரை முழுக்க ஓடியது, கோட்டில் மட்டும் நிற்க மறுத்தது.

அந்த நேரம் எதிர்க்கடைப் பாட்டு சட்டென்று ஏறியது.

அந்தத் தெரு அதுவரை கேட்டிராத சத்தம். பாடகியின் குரல் கிழிந்து தகரமாகியது.

இந்த நேரத்திலும் போட்டிக்குக் கூட்டுகிறான் பார் என்று ஞானசேகரத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திரையில் இராசதுரை கத்திக்கொண்டிருந்தான். வாய் அசைந்தது. ஒரு சொல்லும் மேசையைத் தாண்டவில்லை.

தொப்பி முகத்தைச் சுளித்தது. குறைக்கச் சொல்லி லாபிருக்குக் கையைக் காட்டியது. லாபிர் விளங்காதவன் மாதிரிச் சிரித்து, நெஞ்சில் கைவைத்துத் தலையாட்டி, நன்றாக நேரம் எடுத்துத்தான் குறைத்தான். அதற்குள் ஞானசேகரம் தன்னுடைய லப்டொப்பை அறைந்து மூடியிருந்தான்.

தொப்பி மறுபக்கம் திரும்பியது.

அப்போதுதான் ஞானசேகரம் எதிர்க்கடையின் வாசல் லப்டொப்பைத் தாண்டிப் பார்த்தான். உள்ளே, பாதி விலகிய மறைப்புச் சீலைக்குப் பின்னால், இன்னொரு லப்டொப். அதற்கு முன்னால் காதில் ஹெட்போனோடு ஒரு தாய். அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும், நிறையக் கதைத்துக்கொண்டிருந்தாள்.

தெருவுக்கு வந்தது பாட்டு மட்டும்.

எரிச்சல் போகவில்லை. இது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று இடம் மாறி எரிந்தது.

குணேஸ்வரி தெருவின் நடுப்பகுதிக்குப் போய்விட்டாள். ஞானசேகரம் கடையைத் திறந்தபடி விட்டுவிட்டு அவளுக்குப் பின்னால் போனான்.

லாபிர் சீலையை விலக்கி, இரண்டு கதிரைகளை இழுத்துப் போட்டான். பிறகு வாசல் மேசைக்குத் திரும்பினான்.

"இரிங்க அண்ணன். தம்பியோட ஆறுதலாக் கதைங்க. என்ன பாட்டுப் போட?"