துபாய் மிஷினுக்குக் குளிர்

“மறுபடியும் தண்ணி சுடலை தம்பி. பச்சைத் தண்ணியைத்தான் பீய்ச்சி அடிக்குது. நெய்ச்சோத்துத் தட்டு ஒவ்வொண்ணும் கையில வழுக்குது. எல்லாம் இவ கண்ணு பட்டுத்தான்.”

ஆமினா வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, நாகப்பட்டினத்துக்கே கேட்கும்படி சொன்னாள். இவ என்றது தையல்நாயகியை. மெஸ்ஸின் கொல்லைப்பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தட்டு தேய்க்கிறவள்.

“எங் கண்ணுக்கு அவ்வளவு சக்தி இருந்தா மொதல்ல எம் புருஷனையில்ல பாத்திருப்பேன் பாயம்மா” என்றாள் தையல்நாயகி.

மெக்கானிக் மருதையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு பெட்டியைத் திறந்தான். வெளிப்பாளையத்தில் கடை. இந்தத் தட்டு கழுவுகிற மிஷினுக்காக அவன் வருவது இது மூணாவது நடை.

மிஷினை அனுப்பியது ஆமினாவின் மகன் ஜாபிர். துபாய் ஓட்டலில் வேலை. அங்கே மாற்றிப் போட்ட பழசைக் கப்பலேற்றி, உம்மாவின் மெஸ்ஸுக்கு அனுப்பிவிட்டான். ஆள் உயரம் இருக்கும். மதியம் பூரா தையல்நாயகி தேய்க்கிற தட்டை அரை மணியில் முடித்துவிட்டு, ‘இன்னும் இருக்கா’ என்பதுபோல் நிற்கும்.

‘மிஷின் ஒழுங்கா ஓட ஆரம்பிச்சதும் அந்தம்மாவை நிறுத்திடுங்க’ என்பது ஜாபிரின் உத்தரவு. ஓடினால்தானே?

போன் அடித்தது. ஆமினா ஸ்பீக்கரில் போட்டு அரிசி மூட்டைமேல் வைத்தாள்.

“உம்மா, மெக்கானிக் வந்தாச்சா? அண்ணே, என்னண்ணே கோளாறு?”

“பாத்துக்கிட்டிருக்கேன் சார்.”

“இங்கே வருஷக்கணக்கா ஓடுன மிஷினுண்ணே. அங்கே வந்ததும் எப்படிக் கெடும்? அந்தம்மாதான் ஏதோ பண்ணுது. மிஷின் ஓடினா வேலை போயிடுமில்ல. உம்மா, யாராவது கை வச்சிருக்காங்கன்னு இவரு சொன்னாருன்னா, இன்னிக்கே வேற எடம் பாத்துக்கச் சொல்லிடுங்க.”

கொல்லையில் தேய்க்கிற சத்தம் நின்றது.

“எம் புள்ளைங்க மேல சத்தியமா நான் அதைத் தொட்டதில்லை பாயம்மா. சுனாமிக்குப் பெறவு அந்த மனுஷன் கடலுக்கும் போகலை, சாராயக் கடைக்குப் போறதை விடவும் இல்லை. இந்தக் கைதான் வீட்டுக்குச் சோறு.”

“வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாருடி.”

“வாயை மூடிக்கிட்டு எனக்கு வேலை ஓடாதே” என்று முணுமுணுத்தாள். அதுவும் நிஜம்தான். பேச்சுக்கு இடைஞ்சல் என்று வெற்றிலை போடுகிற பழக்கத்தையே வைத்துக்கொள்ளாதவள் அவள்.

மருதையன் மெயினை நிறுத்தினான். கீழ்த் தகட்டைக் கழற்றினான். முதல் நடை வந்தபோது ஹீட்டர் கம்பியில் உப்பு கட்டியாக அப்பியிருந்தது. இந்த ஊர்த் தண்ணி அப்படி. ரெண்டாவது நடை ஒரு ஸ்குரு லூசு. இன்று கம்பி புதுப்பெண் மாதிரி பளிச்சென்று இருந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தான், பழுதில்லை. தொட்டியில் தண்ணி குறைந்தால் ஹீட்டரை நிறுத்துகிற மிதவையும் ஒழுங்காக ஏறி இறங்கியது. சூட்டை அளக்கிற தெர்மோஸ்டாட் பக்கம் டார்ச்சைத் திருப்பினான்.

ஒரு ஒயர் கழன்றிருந்தது. தானாகக் கழன்றால் தொங்கும். இதை யாரோ கழற்றி, பதவிசாக மடித்து ஓரமாக வைத்திருந்தார்கள்.

அதன் நுனியில் வெள்ளையாக ஏதோ இருந்தது. தண்ணியே வராத இடத்தில் உப்பு எப்படி வரும்? விரலில் தொட்டு மோந்து பார்த்தான். பிறகு கொல்லைப்பக்கம் தலையைத் திருப்பினான். தையல்நாயகி கையில் சோப்புநுரையோடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னண்ணே, யாரு வேலை?” என்றது போன்.

“தண்ணியோட வேலை சார்” என்றான் மருதையன். “இது உங்க துபாய்த் தண்ணி இல்லை, நாகப்பட்டினத்து உப்பு. ஹீட்டர் அப்பப்போ இப்படித்தான் மக்கர் பண்ணும். கையால தேய்க்க ஒரு ஆளு எப்பவும் இருக்கட்டும். இல்லேன்னா சாப்புட வர்றவங்களைத் தட்டு கொண்டாரச் சொல்லுங்க.”

“சரி, இருந்துட்டுப் போகட்டும்” என்று ஜாபிர் வைத்துவிட்டான்.

தையல்நாயகி சோப்புக் கையாலேயே கண்ணைத் துடைத்தாள். கண் எரிந்து இன்னும் கொஞ்சம் அழுதாள். “நீ நல்லாயிருப்பே தம்பி.”

ஒயரை மாட்டினான். தண்ணி சுட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, ஆமினா டீ டம்ளரோடு பின்னாலேயே வந்தாள்.

டீயை வாங்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். “மெயினை நிறுத்திட்டுத்தானேம்மா கழட்டினீங்க?”

வெற்றிலை மென்ற வாய் நின்றது. “எதை?”

“அடுத்த தடவை விரலைத் துடைச்சுக்கங்க. ஒயரெல்லாம் சுண்ணாம்பு.”

ஆமினா ஆட்காட்டி விரலைப் பார்த்தாள். மெதுவாக அதைக் கதவு நிலையில் தேய்த்தாள்.

“நிறுத்திட்டுத்தான் கழட்டினேன். நீதானே மொத தடவை எல்லாத்தையும் தொறந்து காட்டினே” என்றாள். “மிஷின் நல்லாத்தான் கழுவுது தம்பி. ஆனா அது ஓடுற அன்னிக்கு இவ அரை மணியில வீட்டுக்குப் போயிடுறா. அப்புறம் பொழுது சாயுற வரைக்கும் எனக்கு யாரு இருக்கா? பெத்த புள்ளை போன் பண்ணினா, உம்மா நல்லாயிருக்கீங்களான்னு கேக்குறதில்லை. மிஷின் ஓடுதான்னுதான் கேக்குறான்.”

சொல்லிவிட்டு விறுவிறுவென்று கொல்லைக்குப் போனாள். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குரல் பழையபடி தெருவுக்கே கேட்டது.

“என்னடி கண்ணைக் கசக்கிக்கிட்டு? தேய்யி. நேத்து மிஷின் ஓடுதுன்னு பாதியில விட்டுட்டு ஓடினியே, அந்த ஐஸ் கம்பெனிக்காரன் வீட்டுக் கதை. சொல்லு, அப்புறம் கதவைத் தொறந்தது யாரு?”