ஒரே முகவரி

பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள கொமியூனிகேஷன் கடையில், கணினித் திரையின் வெளிச்சம் பாடகர் ஞானசேகரின் முகத்தில் நீலமாக விழுகிறது. வெளியே பசறை பஸ்ஸின் ஹாரன் கண்ணாடிக் கதவை அதிர வைக்கிறது. தோட்டத்துத் திருவிழாக் கச்சேரியில் ரசிகர்கள் துண்டுக் காகிதங்களில் எழுதிக் கொடுத்த மின்னஞ்சல் முகவரிகளுக்கு, தன் புதுப் பாட்டு சீடியைப் பற்றி மடல் அனுப்ப வந்திருக்கிறார். எல்லாத் துண்டுகளிலும் ஒரே முகவரி; கடைக் கதவில் ஒட்டியிருப்பதும் அதுதான். “இது உங்க கடையோடதுங்களே?” என்று திரும்புகிறார். “ஆமாங்க,” என்கிறாள் கடையை நடத்தும் சுதர்ஷினி. “தோட்டத்து லய வீடுங்கள்ல யாருகிட்டங்க கம்ப்யூட்டர் இருக்கு? அவங்களுக்கு வர்றத நான்தான் பிரிண்ட் எடுத்துக் குடுப்பேன்.” “அப்ப ஒண்ணு அனுப்பினாப் போதுமே.” “அது எப்புடிங்க? அவங்கவங்க பேருக்கு வந்தாத்தானே கடுதாசி?” ஞானசேகர் ‘அன்புள்ள ரசிகர்களே’ என்பதை அழிக்கிறார். முதல் துண்டைப் பார்த்து, ‘அன்புள்ள பாக்கியலெட்சுமி’ என்று ஒற்றை விரலால் தட்டுகிறார்.