வெனிலாவின் ரவுட்டர்

“யாருப்பா இதுல இருந்த பென்டிரைவப் புடுங்கினது?”

வெனிலா கத்திய கத்தலில் அவள் அப்பா அமலதாஸ் ஒயர் சுற்றுவதை நிறுத்தினார். திண்டிவனத்தில் மைக்செட் வைத்திருப்பவர். கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் சரி, பாட்டு ஏற்றுவதற்குக் கண்ணில் படுகிற பென்டிரைவையெல்லாம் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

“நாந்தாம்மா. மறுபடி சொருவி வச்சுட்டேனே.”

“வச்சு? ஃபார்மட் பண்ணிக்கினு வந்திருக்கியேப்பா! காலியா கெடக்குது!”

மேசை மேல் அவளுடைய ரவுட்டர் விளக்கு எரியாமல் இருந்தது. அந்தச் சின்னப் பெட்டிக்குள் இடமே கிடையாது. அதனால் அதை இயக்கும் லினக்ஸையும், ஆறு மாதமாக அவள் எழுதிய புரோகிராமையும் முழுக்க அந்தப் பென்டிரைவில்தான் வைத்திருந்தாள். அது இல்லையென்றால் பெட்டி வெறும் பிளாஸ்டிக். லினக்ஸுக்கான பென்டிரைவ் என்பதால் சாதாரண விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு அதைப் படிக்கத் தெரியாது.

“நாளைக்குக் காலையில விழுப்புரம் காலேஜ்ல இத ஓட்டிக் காட்டணும். இல்லேன்னா ஃபெயிலு. சென்னையில கெடச்ச வேலையும் போச்சு. அழிஞ்சத மீட்கிற சாப்ட்வேரெல்லாம் போட்டுப் பாத்துட்டேன். ஒண்ணும் வரல.”

“ஒங்க சாருகிட்ட நான் வந்து சொல்லட்டாம்மா?”

“என்னன்னு சொல்லுவ? மாதா கோயில் கொடியேத்தத்துக்குப் பாட்டு ஏத்தினேன்னா? பொண்ணு படிப்ப விட ஸ்பீக்கர்தானே ஒனக்குப் பெருசு? என் தலையில மண்ணள்ளிப் போட்டுட்டியேப்பா!”

அமலதாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் வெனிலாவுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. செய்வதையும் செய்துவிட்டு அழுகை வேறா? அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். ஒரே நாளில் ஆறு மாத வேலையை யாரால் செய்ய முடியும்?

வாசலில் பைக் நின்றது. பஸ் ஸ்டாண்டு பக்கம் பாட்டு ஏற்றிக் கொடுக்கும் கடை வைத்திருக்கும் மணிமாறன் உள்ளே வந்தான். கையில் கவர் பிரிக்காத புதுப் பென்டிரைவ்.

“அண்ணே, இத கடையிலயே வுட்டுட்டு வந்துட்டீங்க.”

அமலதாஸ் பதறிப்போய் எழுந்தார். “அப்பறம் பேசலாம் மணி, நீ கெளம்பு.”

“இருங்கண்ணே. வெனிலா, ஒங்கப்பா பேஜாரு தாங்கலம்மா! ‘எம்பொண்ணு ஒழைப்பெல்லாம் ஒரே பென்டிரைவுல கெடக்குது, தொலஞ்சா என்னா பண்ணுவா, இந்தப் புதுசுல ஒரு காப்பி போடு’ன்னு ஒன்னோடத எடுத்துக்கினு வந்தாரு. சொருவனதும் கடை கம்ப்யூட்டரு ஃபார்மட் பண்ணவான்னு கேட்டுச்சு, ஓகே குடுத்தேன். தொறந்து பாத்தா உள்ள ஒண்ணுமே இல்ல. காலி பென்டிரைவுக்குப் போயி காப்பி கேக்கறாரும்மா!” என்று சிரித்தான் மணிமாறன்.