எழுந்திருக்கக் கூடாத நேரம்

“நூத்தி நாலு டிகிரி சார்” என்றாள் நர்ஸ், மூன்றாவது முறையாக.

உரிமை ஆணைய அதிகாரி உதட்டில் விரல் வைத்தார். குடித்தலைவர் முன்னோர் பெயர்களைச் சொல்லத் தொடங்கியிருந்தார். கடைசிப் பெயர் வரும்வரை சபையில் ஒருவரும் எழக் கூடாது. வழக்கம்.

ஊருக்கு வெளியே, பிள்ளை பெற்றவளை ஒதுக்கிவைக்கும் குடிசையில், தலைவரின் மருமகள் காய்ச்சலில் கொதித்துக்கொண்டிருந்தாள். பதினோரு நாள் கழியாமல் அவளை வெளியே கொண்டுவரக் கூடாது. அதுவும் வழக்கம். இன்று மூன்றாம் நாள்.

குடிசைக்குக் காவலிருக்கும் ஆறு பெண்களும்கூட இப்போது சபையில்தான்.

ஆணையத்துக்குப் போன் போட்டு வரவழைத்தவளே நர்ஸ்தான். வந்தவரோ ஒரு பையில் மனித உரிமையும் இன்னொரு பையில் பண்பாட்டு மரியாதையுமாக வந்திறங்கியிருந்தார். எதை முதலில் எடுப்பது என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

“நடுவுல நிறுத்தினா அதுவே உரிமை மீறல்மா. அவர் முடிக்கட்டும், குடிசையைப் பத்தி அப்புறம் பேசுவோம்” என்று கிசுகிசுத்துவிட்டு, பெயர்களைப் பயபக்தியோடு நோட்டில் குறித்துக்கொண்டார்.

தலைவர் அவசரமே படவில்லை. ஒவ்வொரு பாட்டனோடும் அவன் வெட்டிய கிணறு, முறைத்துக்கொண்ட மச்சான், வளர்த்த நாய் எல்லாம் வரிசைகட்டி வந்தன.

மருமகள் சாகக் கிடக்கிறாள், மனுஷன் நாய்வாலுக்கு நீளம் சொல்கிறார்! நர்சுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையை ஊன்றி எழப் போனாள்.

அவளைப் பார்த்துக் காவல் பெண்களும் அசைந்தார்கள்.

“உக்காரும்மா!”

தலைவர் போட்ட சத்தத்தில் கூரைத் தகடு அதிர்ந்தது. ஏழு பேரும் உட்கார்ந்தார்கள்.

பதினாறாவது பாட்டன் போனான். பதினேழாவது பாட்டன் வந்தான்.

குடிசைப் பக்கமிருந்து ஒரு வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

“என் ஜீப்!” அதிகாரி பாதி எழுந்தார். பண்பாட்டு மரியாதை ஞாபகம் வந்து, எழுந்த பாதியையும் கீழே இறக்கினார். காவல் பெண்களில் மூத்தவள் வாசல் பக்கம் கழுத்தை நீட்டினாள்.

நர்ஸ் சபையை ஒரு சுற்று பார்த்தாள். கைக்குழந்தை முதல் கிழவர் வரை எல்லாரும் இருந்தார்கள்.

தலைவரின் மகனைத் தவிர.

தலைவர் கடைசிப் பெயரின் வாசலில் நின்றிருந்தார். நெற்றி வியர்வையைத் துண்டால் ஒற்றிக்கொண்டார். நர்சின் பக்கம் மட்டும் அவர் திரும்பவில்லை.

“ஒருத்தரும் எழாதீங்க. நடுவுல ஒரு பாட்டன் விட்டுப்போச்சு. முதல்லேருந்து வரணும்.”