தெளிவு வேண்டாதவர்

கம்ப்யூட்டரில் ஆடும் அந்தப் பேய் பங்களா விளையாட்டில், இருட்டில் அலைந்தால் மனத்தெளிவு குறையும். குறைந்தால் கை நடுங்கும், குறி தப்பும். ஆட்டக்காரர்கள் திட்டித் தீர்த்ததால் கம்பெனி முந்தின வாரம் தெளிவு குறைவதையே எடுத்துவிட்டது. யோசனை சொன்னவள் புகார்ப் பிரிவில் இருந்தவள்தான். எல்லாரும் அவளைப் பாராட்டினார்கள். ஒரே ஒருவர் மட்டும் அவளுக்குப் போன் செய்து குறை சொன்னார்.

“தெளிவு குறையவே மாட்டேங்குதும்மா. பழையபடி மாத்திக் குடுங்க.”

“குறையாம இருந்தா உங்களுக்கு நல்லதுதானே சார்? ஜெயிச்சுக்கிட்டே போகலாம்.”

“ஜெயிச்சு என்ன பண்ணப் போறேன்? எனக்குப் பித்துப் பிடிக்கணும்மா.”

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்து சீட்டுக்காரியிடம் கண்ணைக் காட்டிவிட்டு, குரலைச் சரிசெய்துகொண்டாள்.

“எல்லாரும் வேணாம்னு சொன்னத நீங்க மட்டும் கேக்குறீங்களே, எதுக்கு சார்?”



“தெளிவு போய்ப் பித்து முத்தினாத்தான்மா, ஆட்டத்த விட்டுப் போனவங்க ஆவியா வருவாங்க. ஆட்டத்துக்குள்ள கடைசியா எழுதினதையே திரும்பத் திரும்பச் சொல்லுவாங்க. என் பொண்ணு அந்த பங்களாவுல இருக்கற கல்லறை வாசல்ல வந்து நிப்பா. ‘நீங்க போய்த் தூங்குங்கப்பா, நான் பாத்துக்கறேன்’னு சொல்லுவா. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு என்கூட ஆடினப்போ எழுதினதும்மா அது.”

இன்னும் சிரித்துக்கொண்டிருந்த பக்கத்து சீட்டுக்காரியிடமிருந்து அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“போன வாரத்துலேருந்து அவ வரலம்மா,” என்றார் அவர்.