காய்ந்த டயப்பர்

இந்தத் தடவையும் காய்ந்துதான் இருந்தது.

அவள் விரலை உள்ளே விட்டுத் தடவினாள். கையில் தூக்கிக் கனம் பார்த்தாள். கூச்சத்தை விட்டு முகர்ந்தும் பார்த்துவிட்டாள். காலையில் தன் கையால் குழந்தைக்குப் போட்டுவிட்ட டயப்பர், பாக்கெட்டிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல மொரமொரவென்று இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். "பால் போதுதா இல்லையான்னு குழந்தை வாயால சொல்லாது, டயப்பர்தான் சொல்லும். சாயங்காலம் வரைக்கும் நனையவே இல்லைன்னா யோசிக்காதீங்க, தூக்கிட்டு வந்துடுங்க."

தூக்கிக்கொண்டு போனால் மறுபடியும், பிறந்ததும் அவனை வைத்திருந்த அந்தக் கண்ணாடி அறை. மறுபடியும் பெற்றவளை வெளியே நிறுத்திவிட்டுச் சாத்திக்கொள்ளும் அந்தக் கதவு. குழந்தையின் புறங்கையில் பழைய ஊசி குத்திய நீலத்தடம்கூட இன்னும் மறையவில்லை. சன்னலில் வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

காய்ந்திருப்பதை எதற்கு மாற்றுவது? அதையே திரும்ப மாட்டினாள். இடுப்பில் ஒட்டும் பட்டை பிடிக்கவில்லை. அழுத்த அழுத்த எழும்பிக்கொண்டு வந்தது. 'இதுக்குப் பேர் ஒசத்தி சரக்கு' என்று அலுத்தபடி ஒருவழியாக ஒட்டவைத்தாள்.

"குடிச்சு முடிச்சானா? குடு இப்படி. நீ கொஞ்சம் படு." ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள் நாத்தனார். தம்பிக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்று தையல் கடையைப் பூட்டிவிட்டு உதவிக்கு வந்திருப்பவள். பால் கொடுக்கும் நேரம் போகக் குழந்தை அவள் மடியில்தான்.

வந்த அன்றே, ஓரம் அடித்த வெள்ளைத் துணிகளை ஒரு கட்டு கொண்டுவந்து கட்டிலில் வைத்திருந்தாள். "பிளாஸ்டிக்கைச் சுத்திக்கிட்டு உன்னால ஒரு பொழுது உட்கார முடியுமா? பச்சை உடம்பும்மா அது, வெந்துபோயிடும்."

"துணின்னா ஈரத்துலயே கிடப்பான், அண்ணி. சளி பிடிச்சு மறுபடி ஆஸ்பத்திரின்னா என்னால முடியாது. எனக்கு டயப்பர்தான்."

"சரி தாயே. உன் பிள்ளை, உன் இஷ்டம். இனிமே நான் அந்தப் பேச்சையே எடுக்கலை." சொன்னபடி, அதற்கப்புறம் எடுக்கவுமில்லை.

இப்போது நாத்தனாரிடம் எப்படிச் சொல்வது? 'உனக்குப் பாலே பத்தலையாம்மா?' என்று ஒரு வார்த்தை வரும். அந்த ஒரு வார்த்தையைத் தாங்குகிற தெம்பு பெற்றவளுக்கு இல்லை. கணவனுக்கு மட்டும் போன் போட்டாள். அவன் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தான்.

"எடை பார்க்க வரச் சொன்னாங்க, அண்ணி" என்று புளுகினாள்.

"அப்ப நானும் வர்றேன்" என்று நாத்தனார் காரில் ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் அவள் வாய் ஓயவில்லை. "நல்லவேளை தம்பி, உன் மூக்கு இவனுக்கு வரலை. தப்பிச்சான்டா!" தம்பி சிரிக்கவில்லை. பின்சீட்டில் தாய் குழந்தையின் வயிற்றில் கையை வைத்து, மூச்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள்.

டாக்டர் குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தார். உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்தார். "வாய் ஈரமாத்தான் இருக்கு. நல்லாவும் சப்பறான்." நெற்றியைச் சுருக்கினார். "ஆனா, காலையிலேர்ந்து ஒரு சொட்டுகூட போகலைங்கறீங்களே?"

"நான்தானே டாக்டர் ஒவ்வொரு தடவையும் பார்க்கறேன். கட்டாந்தரை மாதிரி காய்ஞ்சு கிடக்கு."

"அப்படின்னா விட்டுவைக்க முடியாதும்மா. அட்மிட் பண்ணிடுங்க. ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு டிரிப்ஸ் ஏத்திடலாம்."

நர்ஸ் குழந்தையின் பிஞ்சுக் கையைப் பிடித்து நரம்பு தேடினாள். நீலத்தடம் இருந்த கையை விட்டுவிட்டு மற்றக் கையை எடுத்தாள். ஸ்பிரிட் பஞ்சு சில்லென்று பட்டதும் குழந்தை வீரிட்டது. எதிரே கண்ணாடிக் கதவை யாரோ திறந்து வைத்தார்கள்.

"என் பால்தான் பத்தலைங்க... எம்பிள்ளையைப் பட்டினி போட்டுட்டேன்" என்று தாய் கணவனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு உடைந்தாள். வாய்விட்டுச் சொல்லியாகிவிட்டது. இனி ஒளிக்க என்ன இருக்கிறது?

அப்போதுதான் நாத்தனார் பக்கம் பார்த்தாள். ஓயாத வாய் அடைத்துப்போயிருந்தது. புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு, முகம் வெளுத்து, சுவரோரமாக நின்றிருந்தாள் அவள். தலைப்பு மெல்ல இறங்கியது. உதடு துடித்தது.

வரப்போகிறது, அந்த வார்த்தை. தாய் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். நர்ஸ் ஊசியின் மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"ஊசி வேண்டாம், டாக்டர்! காலையிலேர்ந்து அவன் நனைச்ச துணியெல்லாம் மாடிக் கொடியில காயுது!"